இரண்டாம் வயலின் நுழையும் இடம்

1

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பல் வைத்தியர். வாரத்தில் ஐந்து நாள் ஸ்ட்ராத்ஃபீல்ட் ரயில் நிலையத்துக்கு எதிரே உட்கார்ந்து ஜனங்களின் பல்லைப் பிடுங்குகிறார். சனிக்கிழமை வந்துவிட்டால் வீட்டுக் கார் ஷெட்டில் உட்கார்ந்து ஹார்ப்சிகார்ட் என்ற வாத்தியத்தைச் செய்கிறார். கார் பாவம், வெயிலிலும் மழையிலும் தெருவில் நிற்கிறது.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பியானோ வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் இதுதான் இருந்தது. பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் தந்தியை அடிக்கும். இதில் அலகு மாதிரி ஒரு துண்டு தந்தியை மீட்டிவிட்டு இறங்கிக்கொள்ளும். நம் வீணையில் விரல் செய்கிற வேலையை அந்த அலகு செய்கிறது. ஓங்கி அழுத்தினாலும் சத்தம் கூடாது, மெல்லத் தொட்டாலும் குறையாது. என்ன அழுத்தினாலும் குரல் உயராது என்று நான் வீட்டில் விளக்கியபோது, அப்படியும் ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்று என் கணவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

அந்த அலகுகளைப் பிளாஸ்டிக்கில் வெட்டிச் சீவ வேண்டும். பல் குடைகிற கருவியாலேயே அதைச் சீவிவிடுகிறார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் பெயர் கிரகாம். நான் "டாக்டர்" என்று கூப்பிட்டேன். இந்த நாட்டில் பல் வைத்தியர் டாக்டர் இல்லையாம், கிரகாம் என்றே கூப்பிடு என்றார். என் அப்பா வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு எழவில்லை. கடைசியில் "மிஸ்டர் கிரகாம்" என்று நடுவழியில் நின்றுகொண்டேன்.

எங்கள் பெண் நித்யா சனிக்கிழமைதோறும் அந்த ஷெட்டில்தான் இருப்பாள். சிட்னிக்கு வந்தபோது சின்னப் பிள்ளை. இப்போது பதிமூன்று வயது. முதலில் வேடிக்கை பார்த்தாள், அப்புறம் கட்டையைத் தொட்டாள், அப்புறம் கிரகாமின் மனைவி ஜோன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். பரோக் காலத்து இசை என்று இதற்குப் பெயர். சூட் என்று ஒன்று உண்டு, நாலைந்து நடனங்களைக் கோத்த மாலை. நிதானமாக நடப்பது ஒன்று, ஓடுவது ஒன்று, ஏக்கத்தோடு நிற்பது ஒன்று, குதிப்பது ஒன்று. ஆனால் யாரும் எழுந்து ஆடுவதில்லை. ஒவ்வொரு நடனமும் இரண்டு பாதி, ஒவ்வொரு பாதியையும் இரண்டு முறை வாசிக்க வேண்டும், இரண்டாம் முறை கொஞ்சம் அலங்காரம் சேர்க்க வேண்டும். நாம் சங்கதி போடுவது இதுதானே, இதைக் கற்றுக்கொள்ளவா கடல் தாண்டி வந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

2

நாங்கள் சிட்னியில் வந்து இறங்கிய நாள் போன வாரம் வந்து போனது. இவர் கேக் வாங்கி வந்தார். சாப்பிட்டுவிட்டு, நான் இங்கே யாராக வந்தேன், யாராக இருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வயலின் வித்வாம்சினியாக வந்தேன். அது பெரிய வார்த்தைதான், இருந்தாலும் திருச்சியிலும் கும்பகோணத்திலும் நாலு மேடையில் பக்கவாத்தியம் வாசித்தவள், எட்டு வருஷம் குருவின் எதிரே உட்கார்ந்து கற்றவள். வந்த புதிதில் பள்ளிக்கூடத்தில் இசை சொல்லித்தர வேலை கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி நல்ல மனிதர். என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எத்தனையாவது கிரேடுக்குச் சமம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஐந்து கோடு போட்ட அவர்கள் காகிதத்தை நீட்டி வாசிக்கச் சொன்னார். அதுவும் தெரியவில்லை. அப்படியானால் காதால் கேட்டு வாசிப்பவரா என்று அன்பாகக் கேட்டு, அதையே எழுதிக்கொண்டார். எட்டு வருஷம் குட்டுப்பட்டுக் கற்றவளைக் கேள்வி ஞானம் என்று எழுதிவிட்டார். அவர் மேல் கோபமில்லை. ஆனால் ரயிலில் வீட்டுக்கு வரும்வரை எனக்குக் கண் நிறைந்துகொண்டே இருந்தது.

இப்போது பிஸ்கட் தொழிற்சாலையில் டப்பா அடுக்குகிறேன். காலை ஷிப்ட். சேலைத் தலைப்பிலிருந்து தலைமுடி வரை வெண்ணெய் வாசனை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, என் அறையில் கம்பளத்தின் மேல் உட்கார்ந்து, வயலினைக் கால்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசிப்பேன். அதை விட்டிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியாது.

3

நித்யா நான்கு வயதில் என் மடியில் உட்கார்ந்து ஸரிகம பாடியவள். இங்கே பள்ளிக்குப் போன இரண்டாம் வருஷம் வயலினை மூடி வைத்தாள். மூன்றாம் வருஷம் தமிழை மூடி வைத்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். புரியாமல் இல்லை, ஒரு சொல் விடாமல் புரியும். நாக்குதான் வராது. ஒருநாள் பள்ளித் தோழிகள் வந்திருந்தார்கள். நான் தரையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். நித்யா எழுந்து வந்து என் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். மரியாதையாகத்தான் சாத்தினாள். அதனால்தான் இன்னும் வலித்தது.

சாப்பாட்டு மேசையிலும் இதே கதைதான். நான் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருப்பேன், அவள் ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிடுவாள். பெரியவங்க பேசி முடிக்கட்டும் என்பேன். முடித்ததும் வாயை மூடிக்கொள்வாள், சொல்ல வந்தது போய்விடும். இவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ரசம் ஊற்றிக்கொள்வார்.

அப்படித்தான் முடிவு எடுத்தோம். வருஷக் கடைசியில் நித்யாவைத் திருச்சியில் என் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுவது, அங்கேயே படிக்கட்டும், பெண் கைவிட்டுப் போவதற்குள் பிடித்துவிடலாம் என்று. அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் இடத்துக்குச் சொல்லி வைத்தாள். நித்யாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் அந்த மீட்டுகிற சத்தம் இருட்டும் வரை கேட்டது.

தொழிற்சாலையில் என் பக்கத்தில் டப்பா அடுக்குகிற பரமேஸ் அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் சொன்னேன்.  கையை நிறுத்தாமலே, "பிள்ளையை அனுப்பிப்போட்டு இஞ்சை ஆரோட தமிழ் கதைக்கப்போறீர்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்கூடவே வீட்டுக்கு வந்தது. ஆனாலும் முடிவு முடிவுதான் என்று இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பிடிவாதத்துக்குக் குறைச்சல் கிடையாது.

4

இங்கே வசந்தம் செப்டம்பரில் வருகிறது. அதுவே எனக்கு இன்னும் பழகவில்லை. எங்கள் பேட்டைத் தேவாலயக் கூரையைப் பழுது பார்ப்பதற்காக ஒரு கச்சேரி வைத்திருந்தார்கள். கிரகாமின் ஹார்ப்சிகார்ட் முதல் முதலாக ஷெட்டை விட்டு வெளியே போகிற நாள். நித்யாதான் வாசிப்பதாக ஏற்பாடு. மூன்று வாரம் இருக்கும்போது, அவளோடு வாசிக்கும் குழுவின் இரண்டாம் வயலின்காரப் பெண் டென்னிஸ் ஆடப் போய் மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஜோன் ஒரு தட்டு நிறையக் கேக்கோடு எங்கள் வாசலுக்கு வந்தார். வேலி வழியாக என் வயலினை வருஷக் கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பதாகவும், நான் வந்து வாசிக்க முடியுமா என்றும் கேட்டார்.

எனக்கு அவர்கள் எழுத்து வாசிக்க வராது, நாற்காலியில் உட்கார்ந்து தாடையில் இடுக்கிக்கொள்ளவும் வராது என்றேன். தரையிலேயே உட்காரலாம், யார் வேண்டாம் என்றார்கள் என்றார் ஜோன். பின்னால் நின்ற நித்யாவைத் திரும்பிப் பார்த்தேன். முகம் சிவந்திருந்தது. கச்சேரிக்கு அவள் தோழிகள் வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்று சாயங்காலம் இரண்டாம் வயலினின் காகிதத்தை எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். கோடு கோடாகப் பார்த்து, ஸ ரி க ம என்று தமிழில் எழுத ஆரம்பித்தாள். எழுத்து கோணல் மாணலாக இருந்தது. ஏழு எழுத்துதானே என்று தலையைத் தூக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.

சண்டை வராமல் இல்லை. நடுவில் இவர்கள் ஷட்ஜத்தையே தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே கொஞ்ச நேரம் குடித்தனம் நடத்திவிட்டுத் திரும்பி வருகிறார்கள். நமக்குச் சுருதி என்றால் தம்பூராவில் கூட்டியது கூட்டியதுதான். ஸ இப்போது இங்கே வந்துவிட்டது என்றாள் அவள், ஸ எங்கேயும் போகாது என்றேன் நான். கடைசியில் ஸ போகாது, மற்றவை மட்டும் கொஞ்சம் நகரும் என்று சமாதானம் ஆயிற்று.

நாங்கள் எடுத்தது டிரையோ சொனாட்டா என்ற வகை, ஓர் இத்தாலியர் எழுதியது. டிரையோ என்றால் மூவர், வாசிப்பதோ நான்கு பேர். இரண்டு வயலின், தரையில் ஊன்றி வாசிக்கிற பெரிய வயலினான ஜோனின் செல்லோ, நித்யாவின் ஹார்ப்சிகார்ட். செல்லோவும் ஹார்ப்சிகார்டின் இடது கையும் ஒரே வரியை வாசிப்பதால் இரண்டையும் ஒன்றாகக் கணக்குப் பண்ணிவிடுகிறார்கள். ஹார்ப்சிகார்டின் வலது கைக்கு ஒன்றுமே எழுதியிருக்காது. இடது கை வரிக்குக் கீழே சில எண்கள் மட்டும் இருக்கும். அதைப் பார்த்து வலது கை என்ன வாசிப்பது என்பது வாசிப்பவர் பாடு. மனோதர்மம் இவர்களுக்கும் உண்டு என்று தெரிந்ததும் இந்த ஜாதியார் மேல் எனக்குக் கொஞ்சம் மதிப்பு வந்தது.

நிதானமான பகுதி நன்றாகவே வந்தது. வேகமான பகுதியில்தான் மானம் போயிற்று.

அது ஃப்யூக் என்ற அமைப்பு. முதல் வயலின் ஒரு சிறிய வாசகத்தைத் தனியாகச் சொல்லும். சொல்லிவிட்டு நிற்காது, மேலே பேசிக்கொண்டே போகும். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் வயலின் அதே வாசகத்தை வேறு ஸ்வரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதல் வயலின் பீட்டர், பள்ளி ஆசிரியர், நெட்டை மனிதர். அவர் ஆரம்பித்தார். என் இடம் வந்தது. நான் வில்லைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் முடிக்கவில்லையே. எல்லாம் கலைந்து நின்றது. மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடி காத்திருந்தேன்.

இதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டாம். பாடகர் ஆலாபனை செய்யும்போது பக்கவாத்தியக்காரர் நிழல் மாதிரி பின்னால் போவாரே தவிர முந்த மாட்டார். அவர் நிறுத்திய பிறகுதான் இவர் முறை. சிறுவயதில் நான் ஒருமுறை முந்திக்கொண்டு வாசித்ததற்கு என் குரு தன் வில்லால் என் விரலில் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் கையில் இருக்கிறது. பீட்டர் குனிந்து, அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே நான் வர வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். நீங்கள் முடிக்கவில்லையே என்றேன். இவன் முடிப்பதற்குக் காத்திருந்தால் திங்கட்கிழமை ஆகிவிடும் என்றார் கிரகாம். எல்லோரும் சிரித்தார்கள், நித்யா மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வாசகத்தின் நான்காவது ஸ்வரத்தை நான் ஒரு சின்ன அசைவோடுதான் பிடிப்பேன். மொட்டையாக நிறுத்த என் விரலுக்குத் தெரியாது. நேராகப் பிடித்தால் தேவலை என்றார் பீட்டர். நித்யா கட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், அம்மாவுக்கு அது அப்படித்தான் வரும், விட்டுவிடுங்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்து அவளே ஆரம்பித்தாள். அது குறுக்கே பேசுவது இல்லையாம். இரண்டாவது ஆள் சொல்வதற்கு இந்த இசையில் பதில் என்றுதான் பெயராம்.

"முடிக்கறதுக்கு முன்னாடி என்னடி பதில்?" என்றேன்.

அவர் சொன்னதையேதான் நீயும் சொல்கிறாய், வேறு இடத்திலிருந்து சொல்கிறாய், அவரும் நிறுத்த வேண்டாம், நீயும் காத்திருக்க வேண்டாம், இரண்டும் பொருந்தும்படிதான் எழுதியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் சொன்னாள்.

"இதைத்தான் நீ தினமும் சாப்பாட்டு மேசையில பண்றே" என்றேன்.

சொன்ன பிறகுதான் அதன் பொருள் எனக்கே உறைத்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.  அன்று அவியலில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

5

புரிந்துகொள்வது வேறு, கை செய்வது வேறு. ஒத்திகையில் பாதி நாள் சரியாக நுழைந்தேன், பாதி நாள் தவறவிட்டேன்.

கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில், மேடையில் கிரகாமின் வாத்தியத்துக்குப் பக்கத்தில், மடித்த கம்பளத்தின் மேல் பட்டுச் சேலையில் உட்கார்ந்தேன். முன்வரிசையில் நித்யாவின் தோழிகள். பின்வரிசையில் என் கணவர், இடைவேளைத் தேநீர் எங்கே தருவார்கள் என்று ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார்.

நிதானமான பகுதி முடிந்தது. பீட்டர் வாசகத்தை ஆரம்பித்தார். நல்ல வேகம். என் இடம் நெருங்கியது. வில் தந்திமேல் இருந்தது. இடம் வந்தது. கை அசையவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவர் முடிக்கட்டும் என்று என் கை காத்திருந்தது. அத்தனை பேர் எதிரில், என் பெண்ணின் தோழிகள் எதிரில், போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது என் வாசகம் கேட்டது.

ஹார்ப்சிகார்டிலிருந்து வந்தது. தனக்கென்று எதுவும் எழுதப்படாத அந்த வலது கையால் நித்யா என் பங்கை எடுத்துக்கொண்டாள். என் ஸ்வரத்தில் ஆரம்பித்து, நான்காவது ஸ்வரத்தில் நான் வைக்கிற அந்த அசைவையும் வைத்தாள். அந்த வாத்தியத்தில் கமகம் வராது. தந்தியை இழுக்க வழியில்லை. பக்கத்துக் கட்டையோடு மாற்றி மாற்றி விரைவாகத் தட்டி, தன்னால் முடிந்த அளவுக்கு என் விரல் செய்வதைச் செய்தாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இத்தனை வருஷமும் அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளிடம் தமிழைத் தேடிக்கொண்டிருந்தேன். என் பெண் என் கையையே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள்.

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. வாசகத்தின் பாதியில் இருந்தாள். பீட்டரும் ஓடிக்கொண்டிருந்தார். நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவள் மேலேயே, நுழைந்தேன். அவள் உடனே விலகி, எண்களுக்குரிய தன் வேலைக்குப் போய்விட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றதால் அதற்கப்புறம் நித்யாவின் கோணல் எழுத்து எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே கடைசிவரை வாசித்தேன், ஓர் இடத்திலும் தவறவில்லை.

தேநீர் நேரத்தில் ஒரு மூதாட்டி வந்து, நடுவில் ஹார்ப்சிகார்ட் தனியாகப் பேசிய இடம் அருமை என்று சொன்னார். ஆமாம், அது மிகவும் கடினமான இடம் என்று பீட்டர் முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் சொன்னார். உன் அம்மா ஏன் தரையில் உட்கார்ந்தார் என்று ஒரு தோழி நித்யாவிடம் கேட்டாள். அப்படித்தான் வாசிப்பார்கள் என்றாள் நித்யா, இதுகூடத் தெரியாதா என்கிற குரலில். சொல்லிவிட்டு என் கையில் ஒரு துண்டு கேக்கை வைத்துவிட்டுப் போனாள்.

6

வீட்டுக்கு நடந்தே வந்தோம். இவர் வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பீட்டர் வேகத்தைக் கூட்டிவிட்டார், ஜோன் ஓர் இடத்தில் பின்தங்கிவிட்டார் என்று நித்யா ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். அவள் அதில் பாதி போவதற்குள், நான் சொல்ல வேண்டியதைத் தமிழில் சொன்னேன்.

"நீ திருச்சிக்கெல்லாம் போக வேண்டாம். பெரியம்மாவுக்கு நான் எழுதிடறேன்."

ஒரு வினாடி அவள் நடை நின்றது. பேச்சு நிற்கவில்லை. ஜோனின் பின்தங்கலிலிருந்து அடுத்த சனிக்கிழமைக்குப் போனாள், அங்கிருந்து வேறொரு சொனாட்டாவுக்குப் போனாள், இன்னும் கொஞ்சம் வேகமாக, இன்னும் கொஞ்சம் உரக்க, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. நானும் விடவில்லை. அவள் எடுத்த எடுப்பு எவ்வளவு நேர்த்தி, எனக்கு எப்படிக் கண் மறைத்துப்போனது என்று தமிழில் சொல்லிக்கொண்டே நடந்தேன். அவள் சொல்வது ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது. நான் சொல்வதும் அவளுக்குக் கேட்டது. நடுநடுவே எனக்கு உரிய பதில் அவள் வாக்கியத்துக்குள் வந்து விழுந்துகொண்டிருந்தது.

இரண்டு பேருக்கும் நடுவில் பெட்டியோடு வந்துகொண்டிருந்த என் கணவர் ரயில் பாலத்தின் மேல் நின்றுவிட்டார்.

"ஒருத்தர் பேசி முடிச்சதும் இன்னொருத்தர் பேசக் கூடாதா?" என்று கேட்டார்.

"கூடாது" என்றேன் நான். அதே நேரத்தில் அவளும் அதையே ஆங்கிலத்தில் சொன்னாள்.